உடைந்த பானைகளை வரையும் வேலை

வரலாறு படித்து முடித்ததும் மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் வரவேற்பாளராகச் சேர்ந்தேன். செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ். பள்ளிக்கூட நாளிலிருந்தே நன்றாக வரைவேன். வரலாறும் படமும் சேர்ந்து சோறு போடும் என்று மட்டும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஒருநாள் காலை, அங்கே தங்கியிருந்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் டிபன் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, பானை ஓடு ஒன்றின் படத்துக்கு மை தீட்டிக்கொண்டிருந்தார். பொழுதுபோக்கா என்று கேட்டேன். இல்லை, இதுதான் பிழைப்பு என்றார். அகழாய்வில் கிடைக்கும் ஓடுகளை அளந்து வரைவாராம். ஒவ்வொரு வருடமும் ஒரு நாடு. அன்று மாலை பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன், எனக்கும் இந்த வேலைதான் என்று.

சந்தையில் பானைக் கடைக்காரரிடம் உடைசல்களைக் கேட்டு வாங்கிவந்து வரைந்து பழகினேன். "வூட்டுல நல்ல சட்டி எவ்ளோ கீது, ஒடஞ்சதப் போயி வரையிற" என்றாள் அம்மா. பல நாடுகளின் அகழாய்வுக் குழுக்களுக்கு விண்ணப்பித்தேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை. கடைசியில் ஓமனில், கடலோர அகழாய்வு ஒன்றில் இடம் கிடைத்தது.

அதே வாரம் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை சென்னைப் பக்கம் படூரில் சொந்த ஃபிளாட் வைத்திருந்தார். பெண் வெளிநாடு போவதை விட்டுவிட்டால் மேற்கொண்டு பேசலாம் என்றார்கள். அம்மாவுக்கு விட மனமில்லை. அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்ப்பவர். எங்கள் குடும்பத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்காத முதல் ஆள். அதிகம் பேசமாட்டார்.

"அவங்க சொல்றது இருக்கட்டும். நீ இன்னா சொல்ற?" என்றார்.

"நான் போறேன் நைனா."

"அப்ப அவங்களாண்ட நானே சொல்லிடறேன்."

ஓமனில் முதல் வாரமே அடி விழுந்தது. அகழாய்வுத் தலைவி என் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அழகாக இருக்கின்றன, ஆனால் பயன்படாது என்றார். நிழல் தீட்டுவதில் காட்டிய அக்கறையை ஓட்டின் தடிமனை அளப்பதில் நான் காட்டவில்லை. வேண்டுமானால் ஓடு கழுவும் குழுவுக்குப் போகலாம் என்றார். முகம் சுட்டது. கழுவுவது கேவலமில்லை, ஆனால் நான் அதற்கு வரவில்லை. எல்லாவற்றையும் மறுபடி வரைகிறேன், அதன்பிறகு முடிவு சொல்லுங்கள் என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

மதிய வெயிலில் மற்றவர்கள் தூங்கும்போது கூடாரத்தில் உட்கார்ந்து வரைந்தேன். வியர்வை தாளில் சொட்டாமல் இருக்க நெற்றியில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டேன். இரண்டாவது முறையும் சிலதைத் திருப்பித் தந்தார். மூன்றாவது முறை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, புதிதாகக் கிடைத்த ஓடுகளை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அவற்றில் கறுப்பும் சிவப்புமாக ஒன்று, இந்தியாவிலிருந்து கப்பலில் வந்திருக்கலாம் என்றார்கள். அதன் தடிமனை மட்டும் மூன்று முறை அளந்தேன்.

படங்கள் அவர்கள் அறிக்கையில் அச்சாயின. அதைக் காட்டித்தான் அடுத்தடுத்த வேலைகள் வாங்கினேன். அந்த வரனை நினைத்து அம்மா இன்னமும் வருத்தப்படுகிறாள். இந்தக் குளிர்காலம் ஜோர்டான். விசா வந்துவிட்டது. அரபி எழுதப் பழகிக்கொண்டிருக்கிறேன். வலமிருந்து இடமாகப் போக கை இன்னும் மறுக்கிறது. கிளம்புவதற்குள் என் பெயரையாவது ஒழுங்காக எழுதிவிடுவேன்.