பெலட் அடுப்புக்குள் மோர்மிளகாய்

காலையிலிருந்து வீட்டைச் சூடாக்கும் எங்கள் பெலட் அடுப்பு எரியவில்லை. தொட்டி நிறைய, மரத்தூளை அழுத்திச் செய்த பெலட் குச்சிகள் கிடக்கின்றன, ஒன்றும் உள்ளே விழவில்லை.

"ஜெர்மன்காரன்ர பெலட் சரியில்லையப்பா," என்று போர்வைக்குள் இருந்தபடியே தீர்ப்புச் சொன்னார் என் கணவர்.

பிளக்கைக் கழற்றி, தொட்டியை வெறுமையாக்கி, அடியில் பெலட்டைத் தள்ளும் திருகுக்குள் கையை விட்டேன். சீ! புளித்த தயிரில் ஊறிய மரத்தூள். நடுவில் மோர்மிளகாய்.

இந்த ஜெர்மன் ஊர் பீலெஃபெல்ட்டில் வெயில் ஏது என்று, அடுப்பின் சூடான மூடிமேல் இவர்தான் மிளகாய் காயவைத்தவர். பெலட் கொட்ட மூடியைத் திறந்தபோது பாதி உள்ளே போயிருக்கிறது.

"எறியப்போறன்," என்றேன்.

"எறியாதையும், கழுவினால் சரி."

திருகைத் துடைத்ததும் அடுப்பு எரிந்தது. கைகழுவிவிட்டு வந்து பார்க்கிறேன், இவர் கழுவிய மிளகாய் திரும்பவும் அதே மூடிமேல் காய்கிறது.

சனிக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பாடு. மோர்மிளகாயும் உண்டு. யார் யார் வருகிறீர்கள்?