பக்கத்துப் பிள்ளை நினைத்தது

ஈஸ்டருக்கு எங்கள் ஊரில் போடுகிற பாஸ்கா நாடகத்தைப் பார்க்கச் சித்தி வந்துவிடுவாள் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். சித்தி திருச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சித்தப்பா அங்கேயே துணைக்கு இருந்தார். அவர்களுடைய ஒரே மகள் எங்கள் வீட்டில் தங்கி, என்னோடு ஐந்தாம் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள். டாக்டர் கைவிரித்துவிட்டது அவளைத் தவிர எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"அவகிட்ட யாரும் மூச்சு விடக்கூடாது. ஆண்டவர் பாத்துக்குவாரு" என்று அம்மா எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

செபமாலை முடிந்து சோறு போடும்போதெல்லாம், "ஒங்கம்மாவுக்கு இன்னக்கித் தேவலையாம்டி. பாஸ்காவுக்கு வந்துரும்" என்பாள். அவளும் "சரிங்க பெரியம்மா" என்று மறுசோறு வாங்கிச் சாப்பிடுவாள். "மாதா புண்ணியத்துல புள்ள நம்பிருச்சு" என்று அம்மா அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

அந்த வருடம் எங்கள் டீச்சர் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் புதிதாக ஒன்று செய்தார். பாடம் கிடையாது, பரீட்சையும் கிடையாது. ஒரு கேள்வி கேட்பார். யோசித்து, நம் பதிலைப் பக்கத்துப் பிள்ளையிடம் சொல்ல வேண்டும். பிறகு எழுந்து நிற்கும்போது நம்முடையதைச் சொல்லக்கூடாது. பக்கத்துப் பிள்ளை நினைத்ததைத்தான் சொல்ல வேண்டும், அதுவும் அந்தப் பிள்ளை ஆமாம் என்று ஒத்துக்கொள்கிறபடி. காது கொடுத்துக் கேட்காதவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை கேட்டார்: "ஒருத்தர் மனசு நோகக்கூடாதுன்னு பொய் சொல்லலாமா?"

என் பக்கத்தில் சித்தி மகள்தான் உட்கார்ந்திருந்தாள். பொய் பாவம் என்று கோயில் ஞானோபதேச வகுப்பில் படித்ததை அவளிடம் அவசரமாக ஒப்பித்தேன். அவள் பாவாடை நுனியைத் திருகிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் என் காதோரம் சொன்னாள்.

முன்வரிசைப் பையன் எழுந்தான். "டீச்சர், இவன் சொல்லலாம்ங்கிறான். சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டா சரியாப் போயிருமாம்!"

"எலேய், நான் எப்படா அப்டிச் சொன்னேன்?" என்று பக்கத்துப் பையன் குதிக்க, வகுப்பே சிரித்தது.

அடுத்து என் முறை. "பாசத்துல பொய் சொல்றாங்கன்னா, நமக்குத் தெரிஞ்சாலும் நம்புன மாதிரி இருந்துக்கிடணும் டீச்சர். இல்லன்னா அவுங்க பாவம், தாங்க மாட்டாங்க."

"அதத்தான் சொன்னியாம்மா?" என்று டீச்சர் கேட்டார். அவள் தலையாட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சர் மட்டும் தட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லிவிட்ட பெருமையில் நான் உட்கார்ந்தேன்.

பாஸ்காவுக்கு முன்பே சித்தியை ஆண்டவர் எடுத்துக்கொண்டார். அவள் ஆன்மா இளைப்பாறட்டும். சேதி வந்ததும் பிள்ளையிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், அம்மா அவளைக் கட்டிக்கொண்டு விக்கினாள். அவள்தான் அம்மாவின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அழுவாதீங்க பெரியம்மா. எனக்குத் தெரியும்."

"எப்பருந்துடி?"

"மொதல்லருந்தே."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அண்ணன்தான் உளறியிருப்பான் என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "மாதா சத்தியமா நான் வாயே தொறக்கலடி" என்று அழுதான். கல்லறைக்குப் போகிற வழியெல்லாம் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன், எங்கள் பொய் அவளுக்குத் தெரிந்துவிட்டதை ஒருவர்கூட எங்களிடம் சொல்லவில்லையே என்று. அவள் அதை என்னிடம் சொல்லியிருந்தாள் என்பதும், நானே எழுந்து நின்று அதை வகுப்புக்கே கேட்கும்படி சொன்னேன் என்பதும் அந்த வயதில் எனக்கு உறைக்கவே இல்லை.