ஆறாம் பீரியடில் இரண்டு ஆரஞ்சு

பள்ளி அலுவலகத்தில் டைம்டேபிள் அம்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நாற்காலி இருந்தது. அதன் முதுகில் அவள் பை தொங்கும், அவ்வளவுதான். கடைசிப் பதினோரு நாள் மருத்துவமனைக் கட்டிலிலும் எழுந்திருக்கத்தான் பார்த்தாள். அவள் போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது.

பார்த்தது கிளார்க் வேலை. ஆனால் இருபத்தாறு வருடம் வகுப்பு அட்டவணை அவள் கையில் இருந்தது. நாளுக்கு ஒரு மரப்பலகை. குறுக்கே பீரியடுக்கு ஒன்றாக எட்டு வரிசை, நெடுக்கே வகுப்புகள், கட்டத்துக்கு ஒரு ஆணி. ஆசிரியருக்கு ஒரு நிறமாக வட்ட அட்டை வெட்டி ஆணியில் மாட்டுவாள். ஒரு வரிசையில் ஒரு நிறம் ஒரு தடவைதான் வரலாம். இரண்டு தடவை வந்தால், ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் இருந்தாகவேண்டும். அப்படி வந்தது ஒரே ஒரு தடவைதான்.

யாராவது லீவு போட்டால் அவர் அட்டையைக் கழற்றிவிட்டு, ஓய்வாக இருப்பவர் அட்டையை மாட்டி, சீட்டு எழுதி அனுப்புவாள். குடிக்கு எதிராக, பிளாஸ்டிக்குக்கு எதிராக, ரத்ததானத்துக்கு ஆதரவாக என்று வெளியிலிருந்து பேச வரும் குழுக்களையும் அந்த மாதிரி பீரியடில்தான் நுழைப்பாள். யார் வந்தாலும் வகுப்பில் ஓர் ஆசிரியர் உட்காரவேண்டும். அது அவளே போட்ட கண்டிஷன்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர் வரவில்லை. ஆறாம் பீரியடில் குடி எதிர்ப்புக் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான், ஆர்வக்கோளாறு. "யார் வீட்ல அப்பா குடிப்பாரு? கை தூக்குங்க" என்றார்கள். ஒன்பது கை எழுந்தது. அதைப் படமெடுத்துத் தங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டார்கள். சாயந்திரத்துக்குள் ஒன்பது வீட்டுக்கும் படம் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலை கேட்டில் பெற்றோர் கூட்டம். முன்னால் நின்றது டயர்க்கடைக்காரர். பெற்றோர் சங்கத் தலைவர். படத்தில் மூன்றாவது கை அவர் மகளுடையது. சனிக்கிழமை கமிட்டி கூடுவதாக முடிவானது. பேச வேண்டியது இரண்டு. எந்தக் குழுவும் இனிமேல் பள்ளிக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. வகுப்பில் இருந்திருக்கவேண்டிய ஆசிரியர்மேல் நடவடிக்கை.

அந்த ஆசிரியர் என்று சீட்டில் இருந்தது பி.டி. மாஸ்டர் பெயர். எல்லோரும் விசில் சார் என்பார்கள். ஒப்பந்த வேலை, வருடாவருடம் புதுப்பிக்கவேண்டும். மத்தியானம் அலுவலகத்துக்கு ஓடிவந்தார்.

"என்னம்மா இது? ஆறாவது பீரியட்ல எனக்கு ஒன்பதாங்கிளாஸ் கிரவுண்ட்ல இருக்கே. என் பேரை எதுக்குப் போட்டீங்க?"

"நீங்க ஏன் சார் கையெழுத்து போட்டீங்க?"

"உங்க சீட்டை யாரு படிச்சுப் பாக்கறா? நீட்டினா போடுவோம். இப்போ ஹெச்.எம். சொல்றாங்க, கையெழுத்து போட்டா கிரவுண்டை விட்டுட்டு வந்திருக்கணுமாம். பி.டி. பீரியட்னா யார் வேணா புடுங்கிக்கலாம் பாருங்க!"

அவர் போனதும் செவ்வாய்ப் பலகையை எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோனாள். அடுத்த செவ்வாய்வரை அது மாற்றப்படாது. வெயிலில் பார்த்தாள். ஆறாம் வரிசையில் ஒன்பதாம் வகுப்பில் ஆரஞ்சு, விசில் சாருடைய நிறம். ஏழாம் வகுப்பிலும் ஆரஞ்சு.

அவள் மாட்டியது சிவப்பு என்றுதான் நினைத்திருந்தாள். சிவப்பு டிராயிங் டீச்சர், அந்த நேரம் ஓய்வு. டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. மாட்டின அட்டையைப் புரட்டி, பின்னால் இருந்த பெயரை அப்படியே சீட்டில் எழுதியிருக்கிறாள். கண்ணில் புரை விழுந்திருப்பது எட்டு மாதமாக அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

பலகையை யாரும் பார்க்கப்போவதில்லை. பேசாமல் இருந்தால் போதும். விரல் இரண்டு தடவை அந்த அட்டைவரை போய்த் திரும்பியது.

இரண்டு நாள் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. டீயை ஊற்றிவைத்துவிட்டு மறந்தாள். பூட்டின பீரோவைத் திறந்து மறுபடி பூட்டினாள். வெளியூரில் மோட்டார் கம்பெனியில் எஞ்சினியராக இருக்கும் மகள் போன் செய்தாள்.

"என்னம்மா, நடந்துகிட்டே பேசற?"

"உக்காந்துதான் இருக்கேன்."

"செருப்புச் சத்தம் கேக்குது."

"ஏண்டி, கலரெல்லாம் ஒண்ணா தெரியறது வயசாலயா?"

"எந்தக் கலர்?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கற ஆளா நீ?"

டைம்டேபிள் அம்மா போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை நூலக அறையில் கமிட்டி. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் மேஜைமேல் வைத்தாள்.

"மேடம், ஆறாவது வரிசையில ஆரஞ்சு எத்தனை?"

தலைமை ஆசிரியை கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். "ரெண்டு."

"அன்னைக்கு என் கண்ணுக்கு ஒண்ணுதான் தெரிஞ்சுது. இன்னொண்ணு சிவப்புன்னு நெனச்சேன். விசில் சார் மேல தப்பில்ல. என் கண்ணுல புரை."

விசில் சார் தலையைக் குனிந்துகொண்டார்.

"குழு வந்தது தப்பில்ல. ஆளில்லாத வகுப்புல விட்டதுதான் தப்பு. அதுக்காகக் கேட்டை மூடாதீங்க" என்றாள்.

"ஏன்மா, வாத்தியார் இருந்திருந்தா மட்டும் அவங்க கேக்காம இருந்திருப்பாங்களா?" என்றார் டயர்க்கடைக்காரர்.

"நான் இருந்திருந்தா விசில் ஊதியிருப்பேன்" என்றார் விசில் சார். இரண்டு பேர் சிரித்தார்கள். டயர்க்கடைக்காரர் சிரிக்கவில்லை.

"நான் குடிக்கறது ஊருக்கே தெரியும். என் பொண்ணு அதுக்கு வெக்கப்படறாங்கறதுதான் எனக்குத் தெரியாது. அதை எவனோ போட்டோ புடிச்சு எனக்குக் காட்டணுமா? மூணு நாளா என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்கறா."

டைம்டேபிள் அம்மா நின்றுகொண்டே சொன்னாள்:

"ஒரு தடவை ரெண்டு பொம்பளைங்க, பொண்ணுங்களும் எஞ்சினியர் ஆகலாம்னு சொல்ல வந்தாங்க. ஒரு பழைய ஃபேன் மோட்டாரைப் பிரிச்சுப் போட்டாங்க. எட்டாவது படிச்ச ஒரு பொண்ணு காயிலைக் கையில வாங்கினவ, பெல் அடிச்சும் கீழ வைக்கல. அது என் பொண்ணு."

"அப்போ உங்களுக்கு லாபம்" என்றார் டயர்க்கடைக்காரர்.

"நஷ்டமும்தான். அதைப் புடிச்சுக்கிட்டே ஊரை விட்டுப் போயிட்டா."

பிறகு ஓட்டெடுத்தார்கள். அந்த வருடம் முழுக்க எந்தக் குழுவும் வரக்கூடாது. விசில் சார் தப்பினார். அட்டவணை கம்ப்யூட்டர் டீச்சருக்குப் போனது. ஐந்து பலகையையும் அவளே துடைத்து ஸ்டோர் ரூமில் சாய்த்துவைத்தாள். விடுமுறையில் மகள் வந்து கண் ஆபரேஷன் செய்துவைத்தாள். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று மகள் கேட்டதற்கு, "சொன்னா பலகையைப் புடுங்கிடுவாங்க" என்றாள்.

அடுத்த வருடம் மூன்று விதிகளோடு கேட் திறந்தது. பள்ளி ஆள் ஒருவர் வகுப்பில் இருக்கவேண்டும். படமெடுக்கக்கூடாது. வீட்டு விஷயத்துக்குக் கை தூக்கச் சொல்லக்கூடாது. விதிகளை எழுதிவைக்கச் சொல்லிக் கேட்டவர் டயர்க்கடைக்காரர். வகுப்பில் உட்காரும் வேலையை டைம்டேபிள் அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

முதலில் வந்தது சாலைப் பாதுகாப்புக் குழு, எட்டாம் வகுப்புக்கு. பேச வந்தவர் பத்து நிமிடத்தில் சூடுபிடித்துவிட்டார். "உங்க வீட்ல யாரெல்லாம் ஹெல்மெட் போடாம..."

கடைசி பெஞ்சிலிருந்து டைம்டேபிள் அம்மா எழுந்துவிட்டாள். "யாரும் கை தூக்காதீங்க!"

பேச வந்தவர் வாயை மூடிக்கொண்டார். மூன்றாவது பெஞ்சிலிருந்து டயர்க்கடைக்காரர் மகள் பின்னால் திரும்பி, கையைப் பாதிக்குமேல் தூக்காமல் கேட்டாள்:

"கேள்வி கேக்கறதுக்குமா, அம்மா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அதுக்குத் தூக்கலாம். நல்லாவே தூக்கு."

அந்தப் பெண் தூக்கினாள். கேள்வி முடிகிறவரை டைம்டேபிள் அம்மா உட்காரவில்லை. அதற்குப் பிறகும், ஓய்வு பெறும்வரை வந்த ஒவ்வொரு குழுவுக்கும், கடைசி பெஞ்சின் நுனியில்தான் உட்கார்ந்தாள், பாதி எழுந்த மாதிரி.