அட்டையில் இருந்த பிள்ளை

எழுபத்தொன்பதாம் வருஷத்தை அப்போது இருந்தவர்கள் லேசில் மறந்திருக்க மாட்டார்கள். வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஸ்கைலாப் என்கிற விண்வெளிக் கூடம் எவன் தலையில் விழுமோ என்று ஊரே அண்ணாந்து பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்ட வருஷம் அது. வியாழன் கிரகத்துக்குப் பக்கத்தில் போன இயந்திரம், அங்கே ஒரு நிலா நெருப்பைக் கக்குகிறது என்று படம் பிடித்து அனுப்பியதும் அதே வருஷம். நடந்துகொண்டே காதில் மாட்டிப் பாட்டுக் கேட்கிற பெட்டி வெளிநாட்டுக் கடைக்கு வந்ததும் அப்போதுதான். வருஷக் கடைசியில் பெரிய பெரிய டாக்டர்கள் கூடி, பெரியம்மை என்கிற நோய் உலகத்தை விட்டே ஒழிந்தது என்று கையெழுத்துப் போட்டார்கள். கேட்டவர்களெல்லாம் அப்பாடா என்றார்கள். ஊசியக்காவுக்கு மட்டும் அது நல்ல சேதியாகப் படவில்லை.

ஊசியக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவள் சுகாதார ஆபீஸில் ஆயா. அம்மை குத்துகிற ஊசியின் நுனி இரண்டாகப் பிளந்து குட்டிக் கவட்டை மாதிரி இருக்கும். வெளியே போன ஊசிகளை வாங்கி, கொதிக்க வைத்து, துணியில் பரப்பி உலர்த்தி, டப்பாவில் அடுக்கி வைப்பது அவள் வேலை. அதனால் ஆபீஸில் எல்லோருக்கும் ஊசியக்கா. அவள் மாமியார்கூடச் சாகும்வரை அப்படித்தான் கூப்பிட்டாள்.

இன்னொரு வேலையும் இருந்தது. நோய் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று ஆட்கள் வீடு வீடாகத் தேடப் போவார்கள். ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். அதில் உடம்பு முழுக்கக் கொப்புளம் வந்த ஒரு குழந்தையின் படம். "இந்த மாதிரி முகம் யாருக்காவது இருக்கா?" என்று காட்டிக் கேட்க வேண்டும். பல கை பட்டுச் சாயங்காலம் அழுக்காகித் திரும்பும் அட்டைகளை ஈரத்துணியால் துடைத்து வைப்பதும் ஊசியக்காதான்.

துடைக்கும்போது சில நாள் அவள் கேட்பாள்:

"இன்னிக்கு எந்தத் தெருவுக்குப் போச்சு பிள்ளை?"

தங்களைத்தான் கேட்கிறாள் என்று தேடப் போனவர்கள் நினைத்துக்கொள்வார்கள். "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடிக்கா. வெயில்ல மண்டை காஞ்சுபோச்சு" என்பார்கள்.

அவள் கேட்டது அட்டையில் இருந்த பிள்ளையை. அது அவளுடைய மகள்.

ஒரே மகள். பேச்சு வந்தும் வராமலும் இருந்த வயசில் பெரியம்மை கண்டு, தனி வார்டில் கிடந்து போய்விட்டாள். வீட்டில் சின்னக்குட்டி என்பார்கள். வார்டில் இருந்தபோது டாக்டரோடு ஒரு போட்டோக்காரர் வந்தார். பின்னால் வெள்ளைத் துணி பிடித்து, பெற்றவளையே பிள்ளையைத் தூக்கிப் பிடித்து நிறுத்தச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போனார். சின்னக்குட்டியை உயிரோடு இருக்கையில் எடுத்த படம் அது ஒன்றுதான். நல்லா இருந்த நாளில் யார் போட்டோ எடுத்தார்கள்? பிள்ளை போனபின் அதே டாக்டர் இரக்கப்பட்டு இவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்துவிட்டு மாற்றலாகிப் போனார். அட்டைகள் கட்டுக் கட்டாக வந்து இறங்கியபோது ஊசியக்கா பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. செத்த பிள்ளை தினமும் தெருத்தெருவாகப் போய்விட்டுச் சாயங்காலம் தன் மடிக்கு வருகிறதே, அது போதும் என்று இருந்தாள்.

வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவர். அவருக்கு ஒரே அக்கா. ஸ்கைலாப் விழப்போகிற வாரம் அந்த நாத்தனார் மூட்டை முடிச்சோடு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"என் வீடு தகரக் கூரைடா தம்பி. மேல விழுந்தா நான் சப்பையாயிடுவேன்."

"உன் மேல விழுந்தா அதுக்குத்தான்கா சேதம்" என்றார் தம்பி.

ஸ்கைலாப் எங்கோ கடலிலும் ஆளில்லாத பொட்டலிலும் சிதறி விழுந்தது. நாத்தனார் கிளம்பவில்லை. சாப்பிட்டுக்கொண்டே ஒரு நாள் வாயை விட்டாள்: "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஊசி வேக வெக்கிறா மகராசி. பெத்த பிள்ளைக்கு ஒண்ணு போட வக்கில்ல."

ஊசியக்கா புருஷனைப் பார்த்தாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னக்குட்டிக்கு நோய் வரும் முன்னால், அம்மை குத்துகிறவர்கள் வந்த அன்று அவள் கிணற்றடியில் இருந்தாள். கதவைத் திறந்தவர் அவர்தான். "பிள்ளைக்குச் சளி பிடிச்சிருக்கு, நாளைக்கு வாங்க" என்று சொல்லிச் சாத்தியவரும் அவர்தான். மறுநாள் அவர்கள் வேறு பேட்டைக்குப் போய்விட்டார்கள். வேண்டுமென்று செய்ததில்லை. பிள்ளை சிணுங்குகிறதே என்று செய்தது. ஆனால் அதை அவர் வாயால் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். பழி தன் பெண்டாட்டி மேல் விழும்போதெல்லாம் தட்டைப் பார்த்தார். அவளும் குத்திக்காட்டவில்லை. அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

டிசம்பரில் ஆபீஸுக்கு உத்தரவு வந்தது. நோயே இல்லை, இனி அட்டை எதற்கு? எல்லாவற்றையும் கொளுத்திவிடச் சொன்னார்கள். ஊசியக்கா விஷயம் அறிவதற்குள் பியூன் பின்பக்கம் கொட்டி நெருப்பு வைத்துவிட்டான். அவள் ஓடிப் போனபோது சாம்பல்தான் பறந்துகொண்டிருந்தது.

மிஞ்சியது ஒன்று. டவுன் ஹாலில் 'இந்த வருஷத்து விஞ்ஞானம்' என்று கண்காட்சி போட்டார்கள். தெர்மோகோலில் ஸ்கைலாப், கலர்க் காகிதம் ஒட்டிய வியாழன், நடுவில் அட்டைப் படத்தைக் கதவு உயரத்துக்குப் பெரிதாக்கிய போட்டோ. கீழே, 'இனி இந்த முகம் இல்லை' என்று கொட்டை எழுத்து. ஹாலைக் கூட்டிப் பெருக்க ஊசியக்காவைத்தான் அனுப்பினார்கள்.

அவள் நேரே சுகாதார இன்ஸ்பெக்டரிடம் போனாள்.

"ஐயா, கண்காட்சி முடிஞ்சதும் அந்தப் படத்த எனக்குக் குடுத்துருங்க. அது என் பொண்ணு."

இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர்தான். சிரித்துவிட்டு, சிரித்தது தப்பு என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஊசியக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. தேடப் போன எடத்துலயெல்லாம் இதே கதைதான். அட்டையக் காட்டினா, அம்மையில பிள்ளையப் பறிகொடுத்தவங்க, ஐயோ என் பிள்ளைன்னு வாங்கி மார்ல வெச்சுக்குவாங்க. அந்தக் கொப்புளம் வந்தா எல்லா முகமும் ஒரே முகம்தானே."

"பெத்தவளுக்குத் தெரியாதாங்க?"

"அவங்களும் பெத்தவங்கதானே?" என்றார். அப்புறம் அவளைப் பார்க்க மனசு கேட்காமல், "சரி, வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் நம்ம பிள்ளைதான்னு சொல்லிட்டா, யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன். எடுத்துட்டுப் போங்க" என்றார்.

அன்று ஹாலில் ஆளில்லாத சமயம் பார்த்து ஊசியக்கா படத்துக்குக் கிட்டே போனாள். இத்தனை நாள் உள்ளங்கை அளவில் பார்த்த முகம். பெரிதாக்கினால் நன்றாகத் தெரியும் என்று நினைத்தாள். கிட்டே போகப் போக முகமே காணோம், வெறும் புள்ளி புள்ளியாக இருந்தது. வார்டில் முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள், ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியாது. ஓரத்தில், பிள்ளையின் விலாவைப் பிடித்த ஒரு விரல் நுனி தெரிந்தது. தன் விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். விரலில் என்ன பெயரா எழுதியிருக்கிறது?

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மார்க்கெட் காய்க்காரி, கூடையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

"என் பையன்" என்றாள்.

"பையனா?" ஊசியக்காவுக்குச் சுருக்கென்றது. "நல்லா பாருங்க. இது பொண்ணு."

"நெத்தியப் பாருங்கம்மா. எங்க மாமனார் நெத்தி அப்படியே."

"நெத்தி எங்க தெரியுது? ஒரே புண்ணால்ல இருக்கு!"

"உங்களுக்குத் தெரியாதும்மா. பெத்தவளுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் அழுதுகொண்டே போய்விட்டாள். ஊசியக்காவுக்கு அவளை விளக்குமாற்றால் அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

புருஷனைக் கூட்டிப் போக ஒரு வாரம் கெஞ்சினாள். டிப்போவில் லீவு இல்லை என்றார், கால் வலி என்றார். கண்காட்சியின் கடைசி நாள் சட்டையை மாட்டிக்கொண்டு, யார் வீட்டுத் துக்கத்துக்கோ போகிறவர் மாதிரி கூட நடந்தார். இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"நிதானமாப் பாருங்க அண்ணே. அவசரமே இல்ல."

அவர் படத்துக்கு முன்னால் போய் நின்றார். ஊசியக்கா படத்தைப் பார்க்கவில்லை, அவர் கண்ணைப் பார்த்தாள். அது படத்தில் நிற்கவே இல்லை. பக்கத்தில் தொங்கிய வியாழனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இல்லீங்க" என்றார். "இது எங்க பொண்ணு இல்ல."

"சரியாப் பாத்தீங்களா?" என்றாள் ஊசியக்கா.

"பாத்தேன். இல்ல."

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். அவள் இப்போதாவது வாயைத் திறந்து, இவர் பொய் சொல்கிறார், கதவைச் சாத்தினவர் எந்த முகத்தோடு பார்ப்பார் என்று போட்டு உடைத்திருக்கலாம். ஆனால் விரலை வைத்துப் பார்த்த அன்றிலிருந்து அவளுக்கே அந்த முகம் நழுவ ஆரம்பித்திருந்தது. அவர் ஒழுங்காகப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பாள். பார்க்காமலே சொன்னதுதான் அவளை அறுத்தது. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஹாலின் அடுத்த மூலைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் கண்காட்சியைப் பிரிக்கும்போது, படத்தைக் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு, காய்க்காரி புருஷன், மாமியார், கொழுந்தன் என்று குடும்பத்தோடு வந்து நின்றாள். எல்லோரும் ஒரே குரலில், "எங்க பையன்தான்" என்றார்கள். புருஷன்காரன் படத்தின் காலைத் தொட்டுவிட்டு விம்மினான். இன்ஸ்பெக்டர் கழற்றிக் கொடுக்கச் சொன்னார். ஏணியைப் பிடித்துக்கொண்டதும், படத்துக்குப் பேப்பர் சுற்றிச் சணல் கட்டியதும், வாசல் கதவு இடிக்காமல் ஒருக்களித்துத் தூக்கச் சொல்லிக் கொடுத்ததும் ஊசியக்காதான்.

வீட்டில் அவள் எப்போதும்போல வேலை பார்த்தாள். சமைத்தாள், போட்டாள். நாத்தனார் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், காதில் வாங்கவில்லை. வீட்டுக்காரர்தான் ராத்திரித் தூக்கம் கெட்டு, சோறு செல்லாமல், தாடியோடு திரிந்தார். சில நாள் கழித்து, வேலைக்குக் கிளம்பி வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"அந்தப் படம் இன்னும் அங்கதான் மாட்டியிருக்கா?"

"எதுக்கு?"

"சும்மாதான். இன்னொரு தடவ போய்ப் பாக்கலாம்னு."

ஊசியக்கா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"குடுத்துட்டாங்க."

"யாருக்கு?"

"பெத்தவங்க ரெண்டு பேரும் வந்து கேட்டாங்க" என்றாள். "குடுத்துட்டாங்க."