அரிசியில் குத்திவைத்த சங்கு

எங்கள் லயத்தில் மாரியம்மனுக்கு அடுத்தபடியாகக் கும்பிடப்பட்டது ஒரு நத்தைக் கூடு. அது என்னைப் படுத்திய பாட்டை அந்த அம்மன்கூடப் படுத்தியதில்லை.

எங்களுக்கு ஓட்டும் இல்லை, நாடும் இல்லை என்று இலங்கையில் சட்டம் வந்து சில வருடங்கள் கழிந்திருந்தன. நமுனுகுல மலையடியில் ஒரு தேயிலைத் தோட்டம். அப்பா, நான், இரண்டு சின்னத் தம்பிகள், நால்வருக்கும் லயத்து வரிசையில் ஒரே காம்பிரா, ஒற்றை அறை. அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள். நான் துரை பங்களாவில் வேலை பார்த்தேன். துரை குடும்பம் சீமைக்குத் திரும்பிய அன்று, சாமான் கட்டி முடித்ததும், துரைசாணி தன் கண்ணாடி அலமாரியில் இருந்த கடல் கூடுகளில் ஒன்றை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

விரல் நீளம் இருக்கும். ஒரு முனை அகன்று, மறுமுனை குறுகி, பம்பரம் போன்ற உருவம். வெள்ளை ஓட்டின்மேல் காவி நிறக் கோடுகள் குறுக்கும் மறுக்கும் ஓடி, முக்கோணம் முக்கோணமாகப் பின்னியிருந்தன. சங்குக்கு உள்ள அகன்ற வாய் இதற்குக் கிடையாது. ஒரு பக்கத்தில் நெடுக ஒரு கீறல், அவ்வளவுதான்.

அப்போது அப்பா பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தார். காலில் மரம் விழுந்திருந்தது. எடுத்தே ஆகவேண்டும் என்றிருந்த கால் எப்படியோ தப்பியது. நொண்டிக்கொண்டு வந்தவர் கூட்டைப் பார்த்தார். செம்பு நிறைய அரிசி போட்டு, கூர்முனையைக் கீழாக்கிக் குத்தி வைத்தார். கீறல் வலப்பக்கம் தெரிந்தது.

"வலம்புரிடி! இது வந்துதான் என் காலு தப்பிச்சிருக்கு" என்றார். லயமே திரண்டு வந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் சூடம் எரிந்தது. "கொண்டாந்த கை வேற வீடு போகக் கூடாது. போனா சங்கோட வாசியும் அதிஷ்டமும் போயிரும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லி வைத்தார். பெருமையாகத்தான் இருந்தது எனக்கு. பலியாட்டுக்கும் முதலில் மாலைதானே போடுகிறார்கள்.

பங்களா வேலை போனபின் கொழுந்து எடுக்கப் போனேன். அந்த வருடம் பக்கத்துக் காம்பிரா அக்கா தன் தம்பிக்கு என்னைக் கேட்டு வந்தார். மாப்பிள்ளை பண்டாரவளை டவுனில் ஒரு மரக்கறிக் கடையில் இருந்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அவரையும் பிடித்திருந்தது, பண்டாரவளையையும் பிடித்திருந்தது. அப்பா செம்பைக் காட்டினார். "தை பொறக்கிறதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லுங்க மாமா" என்று அக்கா எழுந்து போனார்.

அதன்பின் அந்தக் காம்பிராவில் எனக்கு மூச்சு முட்டியது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பிறகு மலை, மாலையில் அடுப்புப் புகை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கூடு. ஒருநாள் அதை மடியில் முடிந்துகொண்டு தோட்டத்து டாக்டர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி யாழ்ப்பாணத்தில் கடலோரம் பிறந்தவர்.

பார்த்ததும் சிரித்துவிட்டார். "உது சங்கில்லை, பிள்ளை. கூம்பு நத்தை. சங்கெண்டாலும் கூர்முனையை மேல பிடிச்செல்லோ பாக்கிறது? இப்ப பாரும், வாய் இடப்பக்கம் வருது. உயிரோட இருந்தால் தொடேலாது, ஊசி மாதிரிக் குத்தும். ஆளே செத்துப்போகும்."

"இது எங்கங்க இருக்கும்மா?"

"எங்கட கடலிலயும் கிடக்கு. செங்கடல், ஆபிரிக்காக் கரை, அங்கால அவுஸ்திரேலியா வரைக்கும் இருக்காம்."

ஒரு நத்தைக்கு இத்தனை கடலா என்று வயிறெரிந்தது. ஆனாலும் வீட்டுக்கு ஓட்டமாகத்தான் ஓடினேன். கதவு திறந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்பா தனியாக இருந்தார். கூட்டை அவர் முன்னால் கூர்முனை மேலே இருக்கும்படி பிடித்தேன். "வாய் எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்கப்பா. இது வலம்புரியும் இல்ல, சங்கே இல்ல."

அவர் அதைப் பார்க்கவில்லை. "தெரியும் ஆத்தா" என்றார். "எங்கப்பா ராமநாதபுரத்துல சங்கு குளிச்சவரு. எனக்குச் சங்கு தெரியாதா?"

கூடு பிடித்திருந்த கையை இறக்கினேன்.

"இந்தக் காலோட வேலைக்கு ஆகாதுன்னு தோட்டத்துல என் பேர வெட்டிட்டாங்க. இப்ப ஒன் பேருலதான் காம்பிரா நிக்குது. நீ போனா மறுமாசமே காலி பண்ணச் சொல்லுவாங்க. இந்தியாவும் நம்மள அறியாது. தம்பிங்கள எங்க கூட்டிக்கிட்டுப் போவேன்? பெத்த பொண்ணப் போகாதேன்னு சொல்ல வாய் வரல. அதான் சாமி மேல பழியப் போட்டேன்."

அழுதேன். அவர் பொய் சொன்னதற்காக அழவில்லை. பொய்யாகவே இருந்திருந்தால் சண்டை போட்டுக்கொண்டு போயிருப்பேன். இந்த உண்மையைத் தாண்டி எப்படிப் போவது?

மறுநாள் வெள்ளிக்கிழமை. சூடம் காட்ட ஆட்கள் வருமுன் செம்பில் அரிசியை நிரப்பி, கூர்முனையைக் கீழாக்கி, கீறல் வலப்பக்கம் தெரிய நானே குத்தி வைத்தேன். அக்கா வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"சங்கு விடமாட்டேங்குதுக்கா" என்றேன்.