திறப்பு பள்ளிக்குப் போன வெள்ளிக்கிழமை

ஜின், பேய் என்று யாராவது கதை தொடங்கினால் நான் எழும்பிப் போய்விடுவேன். கல்முனையில் இருபது வருடமாக வாகன வயரிங் வேலை செய்கிறேன். ஒரு லைட் எரிந்தால் அதற்கு ஒரு வயர் இருக்கும், அந்த வயரின் நுனியில் ஒரு பற்றரி இருக்கும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

கார் ஒலுவில் ஊர் நியாஸுடையது. கட்டாரில் உழைத்து வந்து வாங்கியது, அவருக்கு முன் இரண்டு பேர் ஓட்டியது. இரண்டு சீற் மட்டும், டேர்போ, தரையோடு படுத்த மாதிரி இருக்கும். இரண்டு நாள் நிறுத்தினால் பற்றரி இறங்கிவிடும். மூன்றாவது பற்றரியும் மாற்றியாயிற்று. இன்னொரு வருத்தமும் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லாதபோதும், அந்த சீற்றுக்கு பெல்ட் போடச் சொல்லி சிவப்பு லைட் எரியும்.

“ஆள் இல்லாத சீற்றுக்கு பெல்ட்டப் போட்டுட்டுத்தான் ஓட்டுறன் காக்கா. பொஞ்சாதி ஏறுறா இல்ல,” என்றார் நியாஸ்.

“சென்சர் பழுது. தண்ணி பட்டிரிக்கும்,” என்றேன்.

இந்தக் கால கார் எஞ்சினை நிறுத்தினாலும் உடனே தூங்காது. பூட்டி, ரிமோட் திறப்பைத் தூரத்தில் வைத்து, அரை மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். பிறகுதான் எது களவாகக் கரண்ட் குடிக்கிறது என்று தெரியும். நடுவில் கதவைத் திறந்தால் விழித்துவிடும், ஆகவே பூட்டும்போதே நான் உள்ளே இருப்பேன். போன் பக்கத்தில் இருந்தாலும் விழிக்கும், அதை மேசையில் வைத்துவிட்டேன். அலாரத்தைக் கழற்றினேன். பற்றரிக்கும் காருக்கும் நடுவில் மீற்றரைப் போட்டு, வயரை கதவு றப்பருக்குள்ளால் உள்ளே எடுத்தேன். காரின் கரண்ட் முழுதும் அந்த மீற்றர் வழியாகத்தான் வரும்.

அன்று வெள்ளிக்கிழமை. என்னோடு வேலை செய்வது என் மனைவியின் தம்பி றபீக்.

“மச்சான், பாங்கு சொல்லப் போறாங்க. எழும்புங்க.”

“கார் தூங்கினதும் வாறன். நீ போ.”

“ஜும்ஆத் தொழுகைய விட்டுட்டு காருக்குத் தாலாட்டுப் பாடுங்க.”

“கதைக்காத. பூட்டிட்டு திறப்பத் தூரமாக் கொண்டு போ.”

அவன் பட்டனை இரண்டு தரம் அமத்தினான். கைப்பழக்கம். இரண்டு தரம் அமத்தினால் உள்கைபிடியும் பூட்டிக்கொள்ளும். நான் மீற்றரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. பிறகு ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. ஜும்ஆ நேரம் கடை திறந்து கிடந்தால் ஊர் கதைக்கும், எல்லோரும் இறக்குவார்கள், அவனும் இறக்கினான். திறப்பு அவனுடைய சேர்ட் பையில் பள்ளிக்குப் போய்விட்டது.

அரை மணித்தியாலம் வேர்த்து வடிய இருந்தேன். கார் தூங்கியது. பியூஸ் பியூஸாகக் கழற்றினேன். பக்கத்து சீற்றின் பியூஸைக் கழற்றியதும் மீற்றர் இறங்கியது. கண்டுபிடித்தாயிற்று என்று அதைப் பையில் போட்டுக்கொண்டு கதவின் கைபிடியை இழுத்தேன். திறக்கவில்லை. மற்றக் கதவும் அப்படித்தான்.

மேலே தகரக் கூரை, நடுப்பகல். கண்ணாடி இரட்டைக் கண்ணாடி, காலை மடக்கி உதைக்கவும் இடமில்லை, கையில் இருந்தது பியூஸ் பிடுங்கும் சின்னக் குறடு. றபீக் ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போவான், சோறு தின்று படுப்பான், பின்னேரம் அஸருக்குத்தான் வருவான். என் வீட்டில் எனக்கு வேலை கூடுதல் என்று நினைப்பார்கள். எனக்குப் பிரஷர் வேறு. அஸர் வரை தாங்க மாட்டேன் என்று விளங்கியது.

ஹோணை அமத்தினேன். அது என் பிழை. ஹோண் இழுத்த கரண்டில் மீற்றருக்குள் இருக்கும் பியூஸ் எரிந்தது. அரைச் சத்தத்தோடு கார் முழுதும் செத்தது. கத்தினேன், என் சத்தம் எனக்கே திரும்பி வந்தது. கலிமா சொல்லத் தொடங்கினேன், பாதியில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

அப்போது அந்த சிவப்பு லைட் எரிந்தது. பக்கத்து சீற்றுக்கான பெல்ட் லைட்.

காரில் கரண்ட் இல்லை. அந்த சீற்றின் பியூஸ் என் பையில். தடவிப் பார்த்தேன், இருந்தது. சீற்றைப் பார்த்தேன். வெறும் சீற், பெல்ட் போடாமல் தொங்கியது. ஏன் செய்தேன் என்று தெரியாது, ஸலாம் சொன்னேன்.

லைட் அணைந்தது. அந்தப் பக்கத்துக் கதவு டிக் என்று ஒரு சாண் திறந்தது.

அந்த சீற்றுக்கு மேலால் தவழ்ந்து வெளியே விழுந்தேன். சீமெந்துத் தரை குளிர்ந்தது. நெடுநேரம் கிடந்து, பிறகு போனை எடுத்தேன்.

றபீக் சோற்றுக் கையோடு வந்தான். “என்ன மச்சான், தாலாட்டுல நீங்களும் தூங்கிட்டீங்களா?” என்று சிரித்தான். நான் மீற்றரைக் கொடுத்தேன். கழற்றிப் பார்த்தான். எரிந்த பியூஸைப் பார்த்தான், திறந்த கதவைப் பார்த்தான். பிறகு அவன் சிரிக்கவில்லை.

கழற்றிய அதே பியூஸைத்தான் திரும்பப் போட்டேன். வேறு எதையும் தொடவில்லை. கார் கரண்ட் குடிக்கவில்லை. நியாஸுக்குப் பெரிய சந்தோசம். பற்றரி இறங்குவதில்லையாம், லைட்டும் எரிவதில்லையாம், பொஞ்சாதியும் ஏறுகிறாவாம்.

அந்த லைட் இரண்டு விதமாகத்தான் அணையும். ஒன்று பெல்ட் போட வேண்டும். இல்லாவிட்டால் ஆள் இறங்க வேண்டும். பெல்ட் தொங்கிக்கொண்டுதான் இருந்தது, நான் பார்த்தேன். இறங்கியது யாராக இருந்தாலும், கதவு திறந்தபோது கராஜின் ஷட்டர் மூடியே கிடந்தது.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் ஷட்டரை ஒரு அடி உயர்த்தியே விடுகிறேன். ஊர் கதைக்கிறது. திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு றபீக் ஒவ்வொரு கிழமையும் கேட்பான்.

“மச்சான், உள்ளுக்கு ஒருத்தரும் இல்லயே?”

முதல் இரண்டு கிழமை இல்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன். இப்போது உள்ளுக்கு ஒரு ஸலாம் சொல்லிவிட்டு நடக்கிறேன்.