வடதுருவக் கப்பலில் வத்தல் காயுமா?

கல்லல் பஸ்ஸில் இன்று காசிம் பாய் பக்கத்து சீட். வடதுருவப் பக்கத்துக் கரையோரத்தைப் பயணிகளுக்குச் சுற்றிக்காட்டும் கப்பலில் சமையல்காரர். லீவு முடிந்து அடுத்த வாரம் கப்பலுக்குத் திரும்புகிறார்.

"கோடையில அங்குட்டு சூரியன் மறையவே மறையாது," என்றார்.

என் வீட்டு ஆச்சி, அதாவது என் மனைவி, நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆவணியில் எங்கள் மகளுக்குக் கல்யாணம். சீருக்குப் பிழிந்த வத்தல் எல்லாம் நேற்றைய மழையில் கரைந்துவிட்டது.

"ஏன் பாய், மாவு தாரேன். கப்பல் மாடியில பிழிஞ்சு காயவச்சு அனுப்புவீகளா?"

"வெயிலு இருக்கும் ஆச்சி, சூடு இருக்காது. வத்தல் பனிக்கட்டியாப் போயிரும்."

"நாள் முழுக்க நின்னும் ஒரு வேலைக்கு ஆகாதா? நம்ம இவுக மாதிரியில்ல இருக்கு!"

ஆச்சியின் கை என்னைக் காட்டியது. பஸ்ஸே சிரித்தது. வெட்கமில்லாமல் நானும்.

உங்கள் ஊரில் சுடுகிற வெயில் இருந்தால் சொல்லுங்கள். மாவோடு நானே வருகிறேன். பிழியவும் தெரியும், காக்கா விரட்டவும் தெரியும்.